கவிழ்த்துப் பழகும் பிள்ளைகள்

பாய்ப்படகு முகாமில் பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது படகு ஓட்ட அல்ல, கவிழ்க்க. ஒவ்வொருவராக ஏறி, ஒரு பக்கத்து விளிம்பில் பாரத்தைப் போட்டு, வேண்டுமென்றே படகைப் புரட்ட வேண்டும். தலை தண்ணீருக்குள் போகும், லைஃப் ஜக்கட் மேலே தூக்கிவிடும். மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு நீந்திச் சுற்றிவந்து, படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்துத் தொங்கி, அதன்மேல் ஏறி நின்றால், தண்ணீரில் படுத்திருந்த பாய் மெல்ல எழும்பும். படகு நிமிர்ந்ததும் உள்ளே ஏறித் தண்ணீரை அள்ளிக் கொட்ட வேண்டும். அதற்கென்று வாய்ப்பக்கம் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பால் கேன், கயிற்றில் கட்டி, படகிலேயே கிடக்கும். அழுகிற பிள்ளைகளும் இருந்தார்கள். அழுதுகொண்டே அள்ளலாம், ஒன்றும் பிழையில்லை என்றான் பயிற்சி கொடுத்த பொடியன். அவனுக்கே 18 வயதுதான் இருக்கும்.

இதையெல்லாம் நான் பார்த்தது கனடாவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில். அக்கா குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது. ஒரு கோடைக்கு விசா கிடைத்து மட்டக்களப்பிலிருந்து போயிருந்தபோது, அக்காவின் மகளை, அதாவது என் மருமகளை, ஒரு பாய்ப்படகுக் கிளப்பின் கோடை முகாமில் சேர்த்திருந்தார்கள். அத்தான் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் இருவரையும் கரையில் இறக்கிவிட்டுப் போவார். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. பின்னேரம் வரை ஒரு வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் அவள் உதடு நீலம்பாரித்துத்தான் கரைக்கு வந்தாள். ஜூலையிலும் அந்தத் தண்ணீர் குளிர்தான்.

அவர்கள் ஓட்டும் படகுக்கு ஒப்டிமிஸ்ட் என்று பெயர். அணியம், அதாவது முன்பக்கம், கூராக இல்லாமல் வெட்டிவிட்ட மாதிரித் தட்டையாக இருக்கும். குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியதுபோல ஒரு தோற்றம். நீளம் 2.36 மீற்றர், படகின் எடை 35 கிலோ, பாய் 3.3 சதுர மீற்றர். ஒரு பிள்ளை தனியாக ஓட்டலாம், இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் கரைக்கு இழுத்தும் விடலாம். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில், கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்பவர் இதை வடிவமைத்தார். அவரிடம் கேட்கப்பட்டது ஒரு மலிவான படகு. இரண்டு பிளைவுட் பலகைக்குள் முடிய வேண்டும், செலவு 50 டொலருக்குள் அடங்க வேண்டும், வீட்டு கராஜில் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இப்போது 100க்கும் மேற்பட்ட நாடுகளில் 15 வயது வரையான பிள்ளைகள் இதில்தான் போட்டிக்கு இறங்குகிறார்கள். பிளைவுட் போய் பைபர்கிளாஸ் வந்துவிட்டது. போட்டிக்கு ஏற்ற புதுப் படகு வாங்குவதென்றால் ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். மில்ஸ் வரைந்த படகின் கதை இப்படித் தலைகீழாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

காற்று வருகிற திசைக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் ஏறாது. கிட்டத்தட்ட 45 பாகை விலகி ஒரு பக்கம் போய், அப்புறம் கிறுகி மற்றப் பக்கம் போய், இப்படிக் கோணல்மாணலாகத்தான் ஏற வேண்டும். வகுப்பில் படம் கீறிக் காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் இது ஏறுவதில்லை. படகில் விட்டுவிட்டால் இரண்டு நாளில் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. காதுப்பக்கம் காற்றுப் படுகிற விதத்தை வைத்தே திரும்புகிறார்கள். தூரத்தில் தண்ணீர் கறுத்து வந்தால் பலத்த காற்று வருகிறது என்று முன்கூட்டியே உடம்பை வெளியே சாய்க்கிறார்கள். மோட்டார் படகில் பின்னாலேயே வரும் பயிற்சியாளர் கத்துவது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: பயமாக இருந்தால் கயிற்றை விடு. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை விட்டால் பாய் கொடியைப்போலப் படபடக்கும், படகு அப்படியே நின்றுவிடும். ஆனால் பயந்த பிள்ளை எதைச் செய்யும்? கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் கவிழ்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பழக மருமகளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

முகாம் முடிந்ததும் விருப்பமான பிள்ளைகளைப் போட்டிக் குழுவுக்கு எடுத்தார்கள். இவளும் போனாள். பாய்ப்படகுப் போட்டியை முதன்முறை பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஓட்டப் போட்டி மாதிரிக் கோட்டில் வரிசையாக நிற்க முடியாது, ஏனென்றால் படகுக்குப் பிரேக் இல்லை. ஒரு நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடு. 5 நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், 4 நிமிடத்தில் இன்னொன்று, ஒரு நிமிடத்தில் அது இறங்கும், அப்புறம் புறப்பாடு. அதுவரை எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றித் திரியும். சரியாக அந்த விநாடியில், முழு வேகத்தில், கோட்டைத் தாண்ட வேண்டும். முந்தித் தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். முதலாவதாக வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2. கடைசியில் குறைந்த புள்ளி எடுத்தவர்தான் வெற்றி. இதை அக்காவுக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என்னைப் பிடித்துவைத்தது அதன் சட்டங்கள்தான். காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு வருகிற படகுக்கு வழி உண்டு, இடப்பக்கம் வாங்குகிறவர் விலக வேண்டும். இரண்டுபேரும் ஒரே பக்கம் வாங்கினால், காற்று வருகிற பக்கத்தில் இருப்பவர் மற்றவருக்கு விலக வேண்டும். மிதவையில் முட்டினால் தண்டனையாக ஒரு சுற்று. வழிவிடாமல் இன்னொரு படகுக்குப் பிழை செய்தால் இரண்டு சுற்று. விசில் ஊதிப் பிடிக்க அநேகமாக அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பிழை விட்டவர் தானே விலகிப் போய், மற்றவர்கள் முந்திப் போகப் போக, தன் படகைச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால், பாதிக்கப்பட்டவர் ‘புரொட்டெஸ்ட்’ என்று உரக்கச் சொல்லிவிட்டு, கரைக்கு வந்து எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு சனிக்கிழமை அப்படி எழுதிக் கொடுக்கப்பட்டவள் எங்கள் மருமகள். ஒரு மிதவைக்குக் கிட்டப் போகும்போது தனக்கு வழிவிடவில்லை என்று ஒரு சீனப் பொடியன் முறையிட்டிருந்தான். கிளப்பின் சின்ன அறையில் ஒரு மேசை, அதன்மேல் விரல் நீளத்தில் மரத்தில் செய்த படகுகள், நடுவில் ஒரு சிவப்பு மூடி. அதுதான் மிதவை. விசாரிக்கிறவர் தலை நரைத்த ஒரு பெண்மணி. பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். முதலில் பொடியன் எழுந்து படகுகளை நகர்த்திக் காட்டினான். அவன் முடிக்கும்வரை இவளைப் பேச விடவில்லை. அப்புறம் இவள் நகர்த்தினாள். காற்று எந்தப் பக்கம் இருந்தது, நீ அவனை முதலில் கண்டபோது எத்தனை படகு நீளம் தூரம், அப்போது உன் பாய் எந்தப் பக்கம் என்று அந்த அம்மா கேட்டுக் கேட்டு எழுதினார். பின்னால் வந்த இன்னொரு பிள்ளை சாட்சி. எல்லோரையும் வெளியே அனுப்பி, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு, காரணத்தோடு தீர்ப்பை வாசித்தார்கள். மருமகள் அந்த ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டாள். கலந்துகொண்ட படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அவள் கணக்கில் போட்டார்கள், அதாவது கடைசியாக வந்ததைவிட மோசம்.

காரில் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினாள். “பச்சைப் பிள்ளையக் கோர்ட்டுல ஏத்தின மாதிரியெல்லோ செய்யிறாங்க” என்று அக்காவுக்குக் கோபம். அடுத்த நாள் போய்ப் பார்த்தால், அந்தப் பொடியனும் இவளும் ஒரே பையில் சிப்ஸ் தின்றுகொண்டு இருக்கிறார்கள்.

எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர்ப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள். 100 மீற்றர் ஓட்டத்தில் யார் இரண்டாவது என்பதில் சந்தேகம் வந்தால், ஓடிய பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கிக் கத்துவோம். இல்லப் பொறுப்பாசிரியர், பழைய மாணவர், தாய் தகப்பன், ஏன், கச்சான் கடலை விற்கிறவர்கூட ஒரு தீர்ப்புச் சொல்லுவார். ஓடின பிள்ளை ஓரமாக நின்று சோடா குடிக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இருத்தி, அது சொல்வதை முழுக்கக் கேட்டு, காரணம் சொல்லித் தோற்கடிக்கிற ஒரு மேசையை நான் இங்கே கண்டதில்லை.

சரி, அங்கேயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. முகாமில் இருந்த கலகலப்பு போட்டிக் குழுவில் பாதிதான். தொலைநோக்கியோடு கரையில் நிற்கிற தகப்பன்மார், புதுப் பாய் வாங்கினால்தான் வேகம் என்று நம்புகிற தாய்மார், ஊர் ஊராகப் படகைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு போகிற செலவு. 15 வயதில் ஒப்டிமிஸ்ட்டிலிருந்து இறங்க வேண்டும். அப்புறம் ஒருவர் ஓட்டும் லேசர் படகு, அதை இப்போது ஐஎல்சிஏ என்கிறார்கள், அல்லது இருவர் ஓட்டும் 420. அந்த மாற்றத்தோடு நிறையப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு எது தேவை என்று என்னைக் கேட்டால் முகாமைத்தான் சொல்வேன். போட்டி, பிள்ளையே கேட்டால் மட்டும்.

ஆனால் முகாமிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் கிட்டத்திலேயே ஆள் இருக்கிறார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் சிறுமியாக ஒரு கோடை முகாமில்தான் படகில் ஏறினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்ப்படகில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2024இல் பாரிசுக்கும் போனார். எங்கள் நாட்டிலும் இது புதிய விளையாட்டு இல்லை. கொழும்பில் இருக்கும் றோயல் கொழும்பு யொட் கிளப் 1892இல் தொடங்கியது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பொறியியலாளர் ரே விஜேவர்தன இலங்கைக்காகப் பாய்ப்படகு ஓட்டினார். கொழும்புத் துறைமுகத்திலும் பொல்கொடை ஏரியிலும் பிள்ளைகள் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள்.

அப்படியிருக்க, சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்கிறோம்? பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை நீண்டு கிடக்கிற தண்ணீர். கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போவதென்றால் அதைத் தாண்டாமல் போக முடியாது. நகரத்தின் நடுவில் இருக்கும் புளியந்தீவுக்கு எந்தப் பக்கத்தால் வந்தாலும் பாலம். 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தில் நின்று பாடும் மீனுக்குக் காது கொடுப்போம், 2013இல் திறந்த புதுப் பாலத்தில் செல்பி எடுப்போம். தண்ணீருக்குள் இறங்குவது மட்டும் தோணிக்காரரின் வேலை. நகரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று உங்கள் ஒழுங்கையில் கேட்டுப் பாருங்கள். விடுமுறை வந்தால் எங்கேயாவது ஒரு பிள்ளை மூழ்கிய செய்தியும் கூடவே வருகிறது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட ஊர் இது. கடலோரத்து நாவலடியில் ஒரு குடும்பத்தில் ஒருவர் மிஞ்சிய வீடுகள் உண்டு. அந்தத் தாய்மாரிடம் போய், பிள்ளையைத் தண்ணீருக்கு விடுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? ஆனால் பயந்து தள்ளிநிற்கிற பிள்ளை, ஒரு நாள் கூட்டாளிகளோடு களவாகப் போய்க் குதிக்கும். நீந்தத் தெரியாமல் குதிக்கும். முகாமில் கவிழ்க்கப் பழக்குகிறார்களே, அது இந்தப் பயத்துக்கான வைத்தியமாகத்தான் எனக்குப் பட்டது. எல்லா மோசமும் முதல் நாளிலேயே, இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஆள் நிற்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

முதலை இருக்கே என்பார்கள். வாவியில் இருக்கிறதுதான், எந்தெந்தப் பக்கம் என்று மீனவருக்குத் தெரியும், அவர்களைக் கேட்டு இடம் பார்க்கலாம். ஓகஸ்ட் விடுமுறையில் டியூஷன் இருக்கே என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, முதலையைச் சமாளிப்பது சுலபம். பெண் பிள்ளையை எப்படி அனுப்புகிறது என்பார்கள். அம்பாறை மாவட்டத்தில் அறுகம்பையில் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு அலைச்சறுக்குக் கழகம் வைத்திருக்கிறார்கள். பொத்துவில் மாதிரி ஒரு ஊரில் அவர்கள் கேட்காத பேச்சா?

மருமகள் அடுத்த வருடம் ஓகஸ்டில் இங்கே வந்தாள். வந்ததும் வராததுமாகப் படகு எங்கே என்று கேட்டாள். நொச்சிமுனைப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு தோணிக்கார அண்ணன் இருக்கிறார், அறுபது தாண்டியவர். கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசும் காலத்தில் விடிய முந்திக் காற்று எழும்பாத நேரத்தில் கம்பு ஊன்றிப் படுவான்கரைப் பக்கம் போவார், வெயில் ஏறிக் கச்சான் எழும்பியதும் உரப்பைகளைத் தைத்துச் செய்த பாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவரோடு போனோம். வரும்போது இவள் துடுப்பை வாங்கிப் பின்னால் பிடித்துக்கொண்டாள். காற்று முதுகில் வாங்கியபோது தோணி சொன்ன சொல் கேட்டது. நடு வாவியில் இவளுக்கு ஆசை வந்து, கிறுக்கிக் காற்றுக்கு ஏறிப் பார்க்கப் போனாள். ஒப்டிமிஸ்ட்டில் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தாள். தோணி மூக்கை மட்டும் அங்கே காட்டிக்கொண்டு, பக்கவாட்டில் வழுக்கி வழுக்கிக் கல்லடிப் பக்கமாகப் போனது. கிறுக்கிப் பார்த்தாள், மறுகாலும் அதே வழுக்கல்.

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். “மகள், இந்தப் பாய் வீட்ட போறத்துக்கு மட்டுந்தான். அங்கால போறதெண்டா கம்புதான்.”

இவள் தன் அரைகுறைத் தமிழில், இரண்டு கையையும் வைத்து, படகின் நடுவில் ஒரு துளை, அதற்குள்ளால் கீழே இறக்கும் பலகை, அது தண்ணீரை உதைத்து வழுக்கலைத் தடுக்கும் என்று விளங்கப்படுத்தினாள். அவருக்கு அரை நிமிடம் போதும். “அப்ப பாசிக்குள்ள மாட்டாதா?” என்று கேட்டார். மாட்டினால் மேலே இழுத்துவிடலாம் என்றாள். “ஆழமில்லாத இடத்துல?” அங்கேயும் இழுத்துவிடலாம். அவர் கரைக்கு வரும்வரை தோணியின் அடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாய்ப்படகு பழக இந்த வாவி நல்ல இடம் என்று எனக்கு அன்றைக்கு உறுதியாகிவிட்டது. கடலில் கச்சானுக்குப் பாய் விரித்தால் பிள்ளையை வெளியே கொண்டுபோய்விடும். வாவியில் காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு கரையில்தான் கொண்டுபோய் ஒதுக்கும். பல இடங்களில் கவிழ்ந்தால் பெரியவர்களுக்குக் கால் நிலத்தில் முட்டும். தண்ணீரோ குளிப்பாட்டுகிற சூட்டில் இருக்கும், உதடு நீலம்பாரிக்காது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம் போகக் கூடாது, அங்கே மணல் திட்டை வெட்டி வாய் திறந்திருக்கிற காலத்தில் இழுவை. வலை போட்டிருக்கிற இடத்தையும் நேரத்தையும் மீனவர் சங்கங்களோடு முதலே பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் விளையாடப் போய் ஒருவருடைய வலையைக் கிழித்தோமென்றால் அந்த முகாம் அன்றோடு சரி. மோட்டார் பூட்டிய ஒரு படகு எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும், அதற்குப் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. லைஃப் ஜக்கட்டுக்கும் அப்படித்தான். மற்றதெல்லாம் மலிவாகச் செய்யலாம். எங்கள் பிள்ளைகள் உலகப் போட்டிக்குப் போகப்போவதில்லை, ஆகவே 1947இல் கேட்ட அதே படகு, அதே இரண்டு பிளைவுட் பலகை, போதும்.

ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த தச்சு வேலைக்காரர் ஒருவரிடம் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, எஞ்சினை எங்க பூட்டுற?” என்பது முதல் கேள்வி. எஞ்சின் இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம். அப்புறம் அணியம் ஏன் தட்டை, இந்த வளைவுக்குப் பலகை உடையாமல் வளையுமா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு பென்சிலால் எதையோ குறித்தார். தண்ணீர் தாங்கும் பிளைவுட் கொழும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், விலை கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆனால் ஒன்றுக்காக அச்சு அடித்து மெனக்கெட முடியாது, நாலு படகு என்றால்தான் கூலிக்குக் கட்டும் என்பது அவர் கணக்கு.

எனவே இப்போது இன்னும் மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கந்தோரில் ஒருவர் சரி என்றுவிட்டார். மகனுக்கு ஒன்பது வயது, நீந்தத் தெரியாது. அவருக்கும் தெரியாதாம். படகு வரமுதல் இரண்டு பேருக்கும் நீச்சல் பழக்க ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும்.